பாரமகால் நாட்டுக் கொல்லுலை: சிறுமுதலில் அமைந்த ஒரு தொழிற்களம்

தமிழகத் தொழில் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நெசவையும் கடல்வாணிகத்தையும் விரித்துரைத்த அளவிற்குக் கொல்லனது உலைக்களத்தை விரித்துரைத்தாரல்லர். உரைத்த சிலரும் பண்டைத் தமிழருடைய உருக்கின் சிறப்பைப் பாராட்டி அம்மட்டில் அமைந்தனர். வாளும் கொழுவும் வடித்த அக்களம் எத்துணை இடத்தில் அமைந்தது, அதனை நிறுவ ஒருவனுக்கு வேண்டிய பொருள்கள் யாவை, கையில் மிகுந்த முதல் இல்லாத கொல்லன் அவற்றை எவ்வாறு தேடிக்கொண்டான் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படாமலே நின்றன. அவ்வினாக்களைத் திருப்பத்தூர் வட்டாரத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். உருக்கின் பெருமையை ஈண்டு மீண்டும் பாடுதல் எம் கருத்தன்று.

இவ்வட்டாரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கிழக்கே சவ்வாது மலை, வடகிழக்கே ஏலகிரி, வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர் என்னும் தோல் நகரங்கள். மேற்கே பர்கூர், கிருட்டினகிரிப் பகுதி. மலை கரியைத் தந்தது. ஆடுமாடுகள் தோலைத் தந்தன. தென்பால் உள்ள சேலத்து மலைகளிற் கருமணலும் இரும்புக் கல்லும் நிரம்பக் கிடந்தன. பர்கூருக்கு அணித்தாய மயிலாடும்பாறையில் தமிழ்நாட்டரசு தொல்லியல் துறையினர் அகழ்ந்த இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரித்துண்டுகளின் காலக் கணிப்பு கி.மு. 2172 வரை செல்வதாக 2022-இல் அறிவிக்கப்பெற்றது. இக்காலக் கணிப்பைப் பற்றி அறிஞரிடையே வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆயினும் இந்நிலப்பகுதியில் இரும்புத் தொழில் மிகப் பழைமையானது என்பதில் ஐயமில்லை.

ஆட்சி வரலாற்றில் இப்பகுதி பாரமகால் எனப்பட்டது. 1792-இல் நிகழ்ந்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார்க்கு இது கைமாறியது. முதற் கண்காணிப்பாளராகிய கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பார் திருப்பத்தூரையே தமக்குத் தலைமையிடமாகக் கொண்டார். பின்னாளில் சென்னை ஆளுநராக விளங்கிய தாமசு மன்றோ அவர்க்குத் துணையலுவலருள் ஒருவராக இருந்தார். 1911 வரை சேலம் மாவட்டத்திலும், பின்னர் வடார்க்காட்டிலும், அதன் பின்னர் வேலூர் மாவட்டத்திலும் அடங்கியிருந்த திருப்பத்தூர் 2019-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆதலின், பழைய நூல்களிற் 'சேலத்து இரும்பு' என்று கூறப்படும் செய்திகள் பல இவ்வட்டாரத்திற்கும் உரியனவே என்பதை மறத்தலாகாது.

இனி, கொல்லுலையைப் பற்றிய இலக்கியச் சான்றுகளை நோக்குவோம். குறுந்தொகையின் 172-ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார் ஓர் உவமையை ஆள்கின்றார். ஏழு ஊர்களின் பொது வேலைக்காக ஓர் ஊரில் கட்டப்பெற்ற உலையின் துருத்தி ஓய்வின்றி உழைப்பது போலத் தலைவியின் நெஞ்சம் எல்லையறியாது வருந்துகின்றது என்பது அவ்வுவமையின் பொருள். உரைகாரர் இதன் அகப்பொருட் சுவையை நன்கு விளக்கியுள்ளனர். எமக்கு வேண்டுவது அதனுள் அடங்கிய தொழிற் செய்தி. ஏழூர்க்கு ஓர் உலை என்றமையால், ஒவ்வோர் ஊரும் தனித்தனி உலை வைத்துக்கொள்ள இயலாமையும், பல ஊரார் ஒரு களத்தைத் தாங்கி நின்றமையும் புலனாகின்றன. ஆங்கே துருத்தி 'மிதிதோல்' எனப்படுகின்றது. கையால் இழுக்கப்படாமல் காலால் மிதிக்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும். பெரும்பாணாற்றுப்படையும் மிதித்து ஊதும் உலையையுடைய கொல்லனைக் கூறி, நண்டின் பிளவுபட்ட காலுக்கு அவனது கொடிற்றை உவமையாக்குகின்றது. கொடிறு என்பது இன்று நாம் குறடு என்பது. காலால் மிதித்தால் கை இரண்டும் ஒழிந்திருக்கும்; துருத்திக்கென வேறோர் ஆள் வேண்டுவதில்லை. ஆட்செலவு மிச்சம் என்னும் கருத்து அக்காலத்தும் இருந்தது போலும்.

உலைக்களத்தின் உறுப்புக்கள் நெருப்பு, காற்று, அடைகல், பற்றும் கருவி, அடிக்கும் கருவி என்னும் ஐந்தே. ஏனைய யாவும் இவற்றினின்று பிறப்பன. நெருப்பிற்கு வேண்டிய உலைக்குழி செலவற்றது. நிலத்தில் ஒரு சாண் ஆழமாகக் குழி தோண்டிக் களிமண்ணும் உமியும் குழைத்து மெழுகி, ஒருபுறத்தில் மண்ணாற் செய்து சுட்ட உலைமூக்கைப் பதித்தால் உலை முடிந்தது. காற்று உலைமூக்கின் வழியே பக்கத்திலிருந்து புகும். கரிச் சாம்பலும் கசடும் குழியின் அடியில் தங்குமாதலால் காற்றின் வழி அடைபடாது. மேனாட்டுக் கொல்லர் போலச் செங்கல் மேடையும் புகைபோக்கியும் நம் கொல்லர் வேண்டினாரல்லர். ஓலைச் சாய்ப்பின் கீழ் நான்குபுறமும் திறந்திருப்பதால் புகை தானே போய்விடும். குந்தியிருந்து வேலை செய்யும் வழக்கமும் இதனோடு பொருந்தியது. நின்று அடிப்பதற்குரிய உயரமான மரக்கட்டையும் அதன்மேல் பெரிய அடைகல்லும் தேவைப்படாமையே இதனால் விளைந்த பயன்.

துருத்தியே இக்களத்தின் உயிர். அதனைச் செய்யும் முறையைச் சேலத்திற் கும்பினி அலுவலராயிருந்த யோசையா மார்சல் கீத் என்பார் 1830-களின் இறுதியில் எழுதிய கட்டுரையொன்றில் நுணுக்கமாகக் குறித்துள்ளார். ஆட்டின் வயிற்றைக் கிழியாமல் தோலை முழுமையாக உரித்தெடுக்க வேண்டும். கால்களிருந்த துளைகளைக் கட்டிவிட்டுக் கழுத்தின் வாயில் மூங்கிற் குழலைப் பொருத்துவர். பின்புறத்து வாயை அகலமாக்கி இரண்டு மூங்கிற் பட்டைகளை வைத்துத் தைப்பர். பட்டைகளைக் கையிற் பிடித்து விரித்து மேலே தூக்கினாற் காற்று உட்புகும்; நெருக்கி மூடி அழுத்தினால் குழல்வழியே வெளிவரும். ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு தோலை வைத்து மாறி மாறி அழுத்துவதனால் காற்று ஏறக்குறைய இடையறாது செல்லும். கீத் கூறும் இத்துருத்தி இரும்பு உருக்குவோர் கையாண்டது. ஊர்க் கொல்லனுடைய துருத்தியும் இவ்வினத்ததே. வால்வு என இன்று கூறப்படும் அடைப்பான் இதில் இல்லை. மனிதனுடைய விரல்களே அத்தொழிலைச் செய்தன. ஓர் ஆட்டுத் தோல், ஒரு சாண் மூங்கில், சிறிது நூல்: இவற்றின் விலையை எண்ணிப் பார்த்தால் உலகில் இதனினும் மலிவான ஊதுகருவி இருந்திருக்குமோ என்பது ஐயமே.

இவ்விடத்தே தோல்தொழிலுக்கும் கொல்லுத்தொழிலுக்கும் உள்ள உறவைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல்களின் புகழுக்கு அடிப்படையாயிருந்தது ஆவாரம்பட்டை. அப்பட்டையிற் பதனிட்ட தோல் மென்மையும் உறுதியும் உடையதாய், மடக்கி விரித்தலைத் தாங்கும். துருத்திக்கு வேண்டிய பண்புகளும் இவையே. வியப்பிற்குரியது இன்னொன்று. உருக்குச் செய்வோர் சிறு மண்குகையில் சிறிதளவு இரும்பை இட்டு, அதனோடு ஆவிரையின் உலர்ந்த விறகைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்து, எருக்கிலையால் மூடிக் களிமண்ணால் வாயை அடைப்பர் என்று கீத் எழுதுகின்றார். இருபது அல்லது இருபத்துநான்கு குகைகளை ஒருங்கே அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதினால் உருக்கு ஆகும். விறகிலும் இலையிலும் உள்ள கரியம் இரும்பிற் கலந்து அதனை உருக்காக்கியது என்பது இன்றைய வேதியியல் விளக்கம். ஒரே செடியின் பட்டை தோலைப் பதனிட, அதன் விறகு இரும்பைப் பதப்படுத்திற்று.

உறவு ஒருவழிப்பட்டதன்று. கிணற்றில் மாடு பூட்டி நீரிறைத்த கவலையை எண்ணுக. அதன் சால் இரும்பு. சாலின் கீழ் நீரைக் கொட்டும் வால் தோல். இருவர் கைவினையும் சேர்ந்தாலன்றி வயலுக்கு நீரில்லை. தோல் பதனிடுவோர் சதையைச் சுரண்டும் வளைகத்தியையும், செருப்புத் தைப்போர் உளியையும் கொல்லனே அடித்துத் தந்தான். அவற்றின் வாய் மழுங்கியபோது காய்ச்சித் தோய்ச்சல் வைத்தவனும் அவனே. குலத்தால் விலகி நின்ற இவ்விரு வகுப்பினரும் தொழிலால் ஒருவரையொருவர் விட்டுப் பிரிய இயலாதவராயிருந்தனர். இவ்வுறவைக் குறித்துச் சாதி வரலாறு எழுதினோர் வாய் திறந்திலர்.

அடைகல்லுக்கு வருவோம். அச்சொல்லே அதன் வரலாற்றைக் கூறும். தொடக்கத்தில் அது கல்லாகவே இருந்திருத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. கருங்கல்லின் மேல் சிறு இரும்புத் துண்டைக் காய்ச்சி அடித்தல் இயலும். ஆனால் கல் பொரிந்து உடையும். பின்னர், நிலத்தில் நட்ட மரக்கட்டையில் நான்கு விரற்கிடை அகலமுள்ள இரும்புக் கட்டியை அடித்து இறக்கும் வழக்கம் வந்தது. மேனாட்டு அடைகல்லில் உள்ள கொம்பும் துளையும் இதில் இல்லை. வளைக்க வேண்டியபோது வேறொரு கம்பியை நட்டு வளைத்துக்கொள்வர். எடை குறைந்த அடைகல்லில் அடியின் ஆற்றல் ஒரு பகுதி வீணாகும் என்பது உண்மையே. அக்குறையை நிலமே நிரப்பிற்று. கட்டையை ஆழமாகப் புதைத்துச் சுற்றிலும் மண்ணை இறுகக் குத்தினால் அது துள்ளாது. சம்மட்டியாள் நின்று அடிக்க, கொல்லன் குந்தியிருந்து குறட்டாற் பற்றித் திருப்பிக் கொடுப்பான்.

மற்றைக் கருவிகளின் கதை வேறு. கொல்லன் ஒருவனே தன் கருவிகளைத் தானே செய்துகொள்ளும் தொழிலாளி. தச்சனுக்கும் உழவனுக்கும் கருவி வேண்டின் கொல்லனிடம் செல்ல வேண்டும். கொல்லன் யாரிடமும் செல்ல வேண்டுவதில்லை. ஆயினும் முதற் குறட்டைச் செய்ய ஒரு குறடு வேண்டுமன்றோ? இதற்கு விடை குடும்ப வழக்கில் உள்ளது. மகன் தனிக்களம் வைக்கும்போது தந்தையின் உலையிலேயே தன் குறட்டையும் சுத்தியலையும் வெட்டிரும்பையும் அடித்து எடுத்துக்கொண்டு செல்வான். இரும்பு விலை மட்டுமே செலவு, கூலி இல்லை. இவ்வாறு ஓர் உலை மற்றோர் உலையை ஈன்றது. அக்குடியிற் பிறவாதவனுக்கோ இவ்வழி அடைக்கப்பட்டிருந்தது. மலிவு என்று நாம் கூறுவது யார்க்கு மலிவு என்னும் வினாவை இவ்விடத்தே எழுப்பாமற் செல்லுதல் நேர்மையாகாது. கருவியின் விலை குறைவாயிருந்தது. அக்கருவியைத் தரும் உறவின் விலையோ கணக்கில் எழுதப்படவில்லை.

கொல்லனது வருவாயும் பணமாக வந்ததன்று. அறுவடைக் களத்தில் தூற்றிய நெல்லிலும் கேழ்வரகிலும் அவனுக்குரிய பங்கு 'மேரை' என்னும் பெயரால் அளந்து கொடுக்கப்பட்டது. உழவன் இரும்பையும் பெரும்பாலும் கரியையும் தானே கொண்டுவந்து தருவான். ஆண்டு முழுதும் கொழு காய்ச்சித் தருதல் கொல்லன் கடமை. இம்முறையில் தொழில் முதல் தேவைப்படும் இடங்களில் ஒன்றாகிய சரக்கு இருப்பு அவன் தலைமீது விழவில்லை. வீட்டுத் திண்ணையை ஒட்டிய சாய்ப்பில் ஒரு தொழிலை நடத்த இயன்றமைக்கு இதுவே தலையாய காரணம் என யாம் கருதுகின்றோம். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் உழவனோடு அவனும் பட்டினி கிடந்தான்.

அரசு அவனை எவ்வாறு நடத்திற்று என்பதற்குச் சான்றுகள் இருவேறு திறத்தன. கரூர்க் கோயிற் கல்வெட்டொன்று, கோனேரின்மைகொண்டான் எனத் தன்னைக் குறித்துக்கொண்ட கொங்கு வேந்தன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்கியதைக் கூறுகின்றது. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம். வெளியே செல்லுங்கால் காலிற் செருப்பு அணியலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். இவை வழங்கப்பட்டன என்றால் அதற்குமுன் மறுக்கப்பட்டிருந்தன என்பது வெளிப்படை. செருப்புத் தைக்கும் உளியை அடித்தவன் செருப்பணிய ஆணை வேண்டியிருந்தது.

மற்றொன்று வரி. மோத்தர்பா என்னும் வரி கைத்தொழிலாளர் வீடு, தறி, கருவி முதலியவற்றின்மீது கும்பினி ஆட்சியிலும் தொடர்ந்து தண்டப்பட்டது. கசுலு இலட்சுமிநரசு செட்டியார் நிறுவிய சென்னைச் சுதேசிகள் சங்கத்தார் 1852-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்திற்கு விடுத்த விண்ணப்பத்தில் இவ்வரியின் கொடுமையும் இடம்பெற்றது. களம் பெருகினால் வரியும் பெருகும் என்ற அச்சம் நிலவிய காலத்தில், தொழிலாளி தன் களத்தைச் சிறிதாகவே வைத்துக்கொண்டது அறியாமையாலன்று. நம் கொல்லரின் கருவிகள் குறைவு, ஆதலின் அவர்கள் பின்தங்கியோர் என்று எழுதிய மேனாட்டார் இதனை எண்ணிப் பார்த்திலர்.

மேலே குறித்த கீத் என்பாரின் வரலாறே இதற்கு நல்ல எதிர்நிலைச் சான்றாகும். நாட்டுலையின் நுட்பத்தை நன்குணர்ந்த அவர், அதனைப் பெருமுதலில் நடத்த விரும்பி 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். கும்பினியாரிடம் கடனும் தனியுரிமையும் பெற்றார். 1833-இல் கூட்டுப்பங்குக் குழுவும் அமைந்தது. சேலத்து இரும்புக்கல் ஆற்றுவழியாகக் கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்டது. இங்கிலாந்திலிருந்து பொறிகளும் ஆட்களும் வந்தனர். பேய்ப்பூரிலும் பிற இடங்களிலும் கிளைகள் தோன்றின. ஆனால் பேருலைகள் விழுங்கிய கரிக்கு ஈடுகொடுக்கக் காடுகளால் இயலவில்லை. கல் ஓரிடத்தும் கரி ஓரிடத்தும் ஆலை வேறிடத்தும் இருந்தமையால் வண்டிக் கூலியே ஆதாயத்தைத் தின்றது. 1860-களில் இம்முயற்சி ஓய்ந்தது. கீத்தோ முன்னரே இங்கிலாந்து சென்று, உருக்கிற் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்று, அதன் பயனை நுகராமல் வழக்குகளில் நலிந்தார். ஆட்டுத்தோல் துருத்தி வைத்திருந்த கொல்லன் அவ்வாலை தோன்றுமுன்னும் இருந்தான். மூடிய பின்னும் இருந்தான்.

ஆயினும் ஈண்டு ஒரு பிழையைத் திருத்துதல் வேண்டும். சிற்றுலை வென்றது என்று மகிழ்வோர் இரும்பு உருக்குவோனையும் இரும்பு அடிப்போனையும் ஒருவனாகவே கொண்டு மயங்குகின்றனர். இருவரும் வேறு. கல்லையும் மணலையும் கரியோடு இட்டு மூன்று நான்கு மணி நேரம் ஊதி, உலைச்சுவரை உடைத்து, செங்கட்டியை வெளியே இழுத்து மரச்சம்மட்டியால் அடிப்பவன் உருக்குவோன். அக்கட்டியின் தரம் தெரியும்படி கோடரியாற் பாதி பிளந்து அவன் விற்க, அதை வாங்கிப் பாளமாக அடித்துப் பயன்படுத்துபவனே கொல்லன். முன்னவன் அழிந்தான், பின்னவன் பிழைத்தான். இருவர் துருத்தியும் ஒன்றே. ஊழ் மட்டும் வேறாயிற்று.

வேறானது எங்ஙனம்? இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856-இல் திறந்த இருப்புப்பாதை மேற்கே வளர்ந்து சோலையார்பேட்டையை அடைந்தது; அங்கிருந்து பெங்களூர்க் கிளை 1864-இல் திறக்கப்பட்டது. இப்பாதை வழியே ஆம்பூர்த் தோல் சென்னைக்குச் சென்றது. சீமை இரும்புப் பாளம் உள்நாட்டிற்கு வந்தது. நாட்டுக் கட்டியை மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்துக் கசடு நீக்கும் உழைப்பு சீமைப் பாளத்திற்கு வேண்டுவதில்லை. 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் ஒதுக்குக் காடுகளிற் கரி சுடுவதைக் கட்டுப்படுத்திற்று. ஒரு கட்டி இரும்புக்குப் பன்மடங்கு கரி வேண்டிய உருக்குவோனை இது முறித்தது. கொழுநுனி காய்ச்சச் சில பிடி கரியே வேண்டிய கொல்லனை அவ்வளவு வருத்தவில்லை. அன்றியும், இருப்புப்பாதை அவனுக்கு எதிர்பாராத ஒரு கொடையைத் தந்தது. கழிக்கப்பட்ட தண்டவாளத்தின் ஒருமுழத் துண்டு, பழைய இரும்புக் கட்டியினும் சிறந்த அடைகல்லாயிற்று. தமிழகமெங்கும் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் அதனைக் காணலாம்.

திருப்பத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் யாம் கண்ட பட்டறையும் அத்தகையதே. வீட்டின் பக்கச் சாய்ப்பில் எட்டடிச் சதுரம். நடுவே தண்டவாள அடைகல். உலைக்குழி தரையிலேதான்; ஆனால் காற்று மின்விசிறி ஊதியிலிருந்து இரும்புக் குழாய் வழியே வருகின்றது. அதற்குமுன் மிதிவண்டிச் சக்கரத்தைக் கையாற் சுழற்றி வாரினால் விசிறியை ஓட்டியதாகவும், அதற்கும் முன் தம் பாட்டனார் தோல் துருத்தி வைத்திருந்ததாகவும் ஆசாரியார் கூறினார். பதினொரு குறடுகளை எண்ணினோம். அவற்றுள் ஒன்றையேனும் அவர் விலைக்கு வாங்கியதில்லை. அரிவாளும் கொடுவாளும் அடிப்பது சரக்குந்தின் கழித்த வில்பட்டையால். அதிற் கரியம் மிகுதியாதலின் தோய்ச்சல் நன்கு ஏறும். பழைய உருக்கின் இடத்தை அதுவே பிடித்துள்ளது. கடையில் வாங்கிய பொருள் என அவர் காட்டியவை ஊதியும் இரண்டு அரமும் ஒரு சாணைச் சக்கரமுமே.

அண்மைக் காலத்தில் அரசும் இத்தகைய களங்களின்மீது கருத்துச் செலுத்தியுள்ளது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம், கொல்லுத் தொழிலையும் உள்ளிட்ட 18 தொழில்களுக்குக் கருவி வாங்க ரூ. 15,000 அளிப்பது. குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று கூறித் தமிழ்நாட்டரசு அதனை ஏற்காது, குடும்பத்தொழில் என்னும் வரையறை இல்லாமல் 25 தொழில்களுக்குரிய கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-இல் தொடங்கிற்று. இதில் கடன்தொகை மூன்று இலட்சம் வரை; மானியம் ஐம்பதாயிரம் வரை. இவ்விரு திட்டங்களின் வேற்றுமை, குடிவழியாகவே பரவிய ஓர் உலையைப் பிறரும் வைக்கலாமா என்னும் பழைய வினாவையே புதுமொழியில் எழுப்புகின்றது. ஆசாரியாரிடம் இதைக் கேட்டோம். "ஐயா, ஊதிக்குப் பணம் கொடுப்பாங்க, அரத்துக்குக் கொடுப்பாங்க. நெருப்புல இரும்பு எந்த நிறத்துக்கு வந்தா எடுக்கணும்னு பத்து வருசம் பக்கத்துல உக்காந்தவனுக்குத்தான் தெரியும். உக்கார யாரு வந்தாலும் சரிதான், வரத்தான் ஆளில்லை" என்றார்.

யாம் சென்ற பொழுதில் ஆம்பூர்த் தோல் பதனிடும் களமொன்றிலிருந்து வந்த நான்கு சதைக்கத்திகள் கரியில் வைக்கப்பட்டிருந்தன. மூன்றை வாய் தட்டித் தோய்த்து எடுத்தார். நான்காவது பலமுறை தேய்ந்து முதுகு மட்டுமே எஞ்சியிருந்தது. அதனைத் திருப்பி அனுப்பாமல், ஒரு சாண் வெட்டி, தமக்கொரு துளையுளி அடித்துக்கொண்டார்.